குத்தாலத்துக்குக் கோடித்துணி

முப்பிடாதியம்மாள் எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போனாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. காப்பியும் வேண்டாம் என்றாள். என் மகள் செண்பகவல்லியின் மாமியார் அவள். வீடு என்னவோ இரண்டு சந்து தள்ளித்தான். ஆனாலும் தாராவியில் சம்பந்தி வீடு சம்பந்தி வீடுதான்.

"வார ஞாயித்துக்கிழமை பேரனுக்குக் காதுகுத்து. மாமன் சீரு உங்க பொறுப்பு சம்பந்தி. கோடித்துணி வந்தா உங்க மடியில வச்சுக் குத்துவோம். வரலைன்னா எந் தம்பி பூலோகம் மடி இருக்கு. பெறகு மனசு வருத்தப்படப்படாது."

எனக்கு மகன் கிடையாது. செண்பகவல்லி ஒருத்திதான். அவள் பிள்ளைகளுக்கு மாமன் இல்லாததால் மாமன் செய்கிறதையெல்லாம் தாத்தா நானே செய்ய வேண்டும் என்று கல்யாணத்தன்றே பேசி வைத்தது. மூத்தவள் கோமுவுக்குக் காது குத்தினபோது நான் மலேரியாக் காய்ச்சலில் கிடந்தேன். அவள் பூலோகத்தின் மடியில்தான் உட்கார்ந்தாள். நாலு வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் கோமுவை எங்கே கண்டாலும் அந்த மனுசன், "எம் மடியில காது குத்துன பிள்ளைல்லா இது!" என்று நாலு பேர் காதில் விழச் சொல்லுவான். முறுக்கு வியாபாரம் செய்கிறவன். கையில் கடிகாரம் கட்டியிருப்பான். மடி என்னமோ அவனுக்கு மட்டும் இருப்பதுபோலப் பேசுவான்.

இளையவன் குத்தாலத்துக்கு இரண்டு வயது. அவனையும் அந்த மடிக்கு விடுவதாயில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

ஆனால் அது நாற்பத்தைந்தாம் வருஷம். சண்டை இன்னும் முடியவில்லை. துணிக்குக் கட்டுப்பாடு. கார்டு இருந்தது, கடை இருந்தது, கடைக்கு முன்னால் வரிசையும் இருந்தது. துணிதான் இல்லை. மூன்று நாள் வேலை முடிந்து வந்து நின்றேன். முதல் நாள் எனக்கு முன்னால் பதினோரு பேர் இருக்கும்போது கதவை இழுத்து மூடினார்கள். இரண்டாம் நாள் கடையே திறக்கவில்லை. மூன்றாம் நாள் கடைக்காரன் முகத்தையே பார்த்துவிட்டேன். வெள்ளைக் காடா மட்டும் இருக்கிறது, வேண்டுமா என்றான்.

வீட்டில் வந்து சொன்னதும் என் பெண்டாட்டி உலகம்மாள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"வெள்ளைக் கோடி எந்த வீட்டுக்குப் போவும்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்? பிள்ளைக்குக் காது குத்தப் போறமா, இல்ல…"

"வாயக் கழுவு."

"கழுவுதேன். நீங்க போயி கரீம் பாட்சா அண்ணனப் பாருங்க. அவரு மேசைக்குக் கீழ ஒரு மூட்டை வெட்டுத்துணி கிடக்கு. ஒருத்தரும் உடுத்தாதது, தண்ணி காணாதது. அதுவும் கோடிதான்."

"துண்டுத்துணி எப்படிடீ கோடியாவும்?"

"மஞ்சத் தடவுனா ஆவும்."

நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசைக்குச் சால் என்று பேர். அதன் முனையில் கரீம் பாட்சா தையல் கடை வைத்திருந்தார். மேலப்பாளையத்துக்காரர். பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் பைஜாமா தைக்கிற வேலை அவருக்கு வந்திருந்தது. கடை முழுக்க நீலக்கோடு போட்ட துணி மலை மாதிரிக் கிடந்தது. மலைக்குப் பின்னால் அவர் தலை தெரிந்தது.

"ஓய் திருவேங்கடம், துண்டுதான வேணும்? மூட்டையோட தூக்கிட்டுப் போரும். தைச்சுக் குடுன்னு மட்டும் கேட்டுராதிரும். திங்கக்கிழமைக்குள்ள எண்ணூறு பைஜாமா போகணும். எம் மக சைனப் காஜா போட்டுப் போட்டு விரலெல்லாம் ஓட்டையாயிருச்சு."

"தைக்க நீரு எதுக்கு? நானே தைச்சுக்கிடுவேன்."

மிஷின் நின்றது.

"நீரா?"

"இருபத்தாறு வருஷமாத் தைக்கேன் வே."

"தைக்கீரு. மூட்டை தைக்கீரு."

"மூட்டைக்கும் வாய் உண்டு, வயிறு உண்டு. பிள்ளைக்கும் அதுதான."

கரீம் பாட்சா எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "அல்லா அந்தப் பிள்ளையைக் காப்பாத்தட்டும்," என்றார்.

நான் மூட்டை தைக்கிறவன் என்று அவர் சொன்னது நிஜந்தான். வடாலாவில் தானியக் கிடங்கில் எனக்கு மூட்டை தைக்கிற வேலை. சணல் கோத்த கோணி ஊசியைப் பிடித்துப் பிடித்து என் பெருவிரல் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிட்டது. எங்கள் தையலுக்கு ஒரு முறை உண்டு. ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையத்தை நுழைத்துக்கொண்டே போக வேண்டும். முடிவில் முடிச்சுப் போடக் கூடாது. இரண்டு விரற்கடை நூலைத் தொங்க விட்டுவிட வேண்டும். சாம்பிள் எடுக்க வருகிறவர் அந்த நூலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மூட்டை வாய் சர்ரென்று திறந்துவிடும். நூலைத் தொங்கவிட மறந்தால் மேஸ்திரி அப்பனையும் பாட்டனையும் சேர்த்துத் திட்டுவான். அப்படித் திட்டு வாங்கித்தான் நான் தொழில் படித்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் துண்டுகளைப் பரப்பினோம். நீலக்கோட்டுத் துணி நிறைய இருந்தது. காக்கி கொஞ்சம். மாட்டுங்காவில் யாரோ ஒரு அம்மாளுக்கு ரவிக்கை தைத்ததில் மிஞ்சின கிளிப்பச்சைப் பட்டு ஒரு சாண். கைக்குட்டை அகலத்தில் சிவப்பில் புள்ளி போட்ட சீட்டி. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தைத்துவிடலாம் என்று உலகம்மாள் சொன்னாள். பேரனுக்குத் தைத்துப் பேத்திக்குத் தைக்காவிட்டால் கோமு ஊரைக் கூட்டிவிடுவாள்.

பதினேழு துண்டு எடுத்தோம். ஒவ்வொரு துண்டின் மூலையிலும் உலகம்மாள் மஞ்சள் தடவினாள்.

"எல்லாத் துண்டுக்கும் எதுக்கு? ஒண்ணுக்குத் தடவுனாப் போதாதா?"

"எது கோடி எது கோடியில்லன்னு உங்க சம்பந்தியம்மா கேட்டா நீங்க பதில் சொல்லுவியளா?"

கரீம் பாட்சா பழைய தமிழ்ப் பத்திரிகையில் சட்டைக்கு அளவு வெட்டிக் கொடுத்திருந்தார். அதைத் துணிமேல் வைத்து வெட்டினால் போதும் என்றார். நான் எழுத்துப் படித்ததே நாற்பத்தெட்டு வயதில், தொழிற்சங்கத்துப் பள்ளிக்கூடத்தில். புதுசாய்ப் படித்தவனுக்கு அச்சடித்த காகிதம் எது கிடைத்தாலும் விட மனசு வராது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். பர்மாவில் நம்முடைய துருப்புகள் ஆற்றைக் கடந்து முன்னேறி எதிரியை… அதோடு கழுத்து வெட்டு வந்துவிட்டது. எதிரியை என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. சட்டைக் கைக்கு வெட்டியிருந்த துண்டை எடுத்துத் தேடினேன். அதில் தலைவலித் தைல விளம்பரம் இருந்தது.

"வெட்டப் போறியளா, சண்டை போடப் போறியளா?" என்றாள் உலகம்மாள்.

சனிக்கிழமை கிடங்கில் அரை நாள். மத்தியானம் செண்பகவல்லி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குத்தாலத்தைத் தூக்கி இரண்டு உலுக்கு உலுக்கினேன்.

"ஏன்ப்பா அவனை உலுக்குதீங்க?"

"அளவு பாக்கேன். மூட்டைய உலுக்குனாத்தான் எம்புட்டுக் கொள்ளும்னு தெரியும்."

"அவன் இப்பத்தான் சோறு தின்னான்."

சரிதான். அவன் தின்னது என் தோளில் வந்தது.

ஊசி எடுத்து உட்கார்ந்தேன். கரீம் பாட்சா கொடுத்த ஊசி என் விரலுக்குள் காணாமல் போனது. இரண்டு தரம் பாயில் தேடி எடுத்தோம். மூன்றாம் தரம் நானே அதன்மேல் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். பிறகு கை பழகிவிட்டது. நான் பாட்டுக்குத் தைத்தேன். தெருவில் குழாய்ச் சண்டை நடந்தது, தோல் கிடங்கு வாடை வந்தது, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. முன்பக்கம் நீலக்கோடு, முதுகு காக்கி, கைகள் இரண்டும் கிளிப்பச்சை. தைத்து முடித்து நிமிர்ந்து சட்டையை உலகம்மாளிடம் நீட்டினேன்.

அவள் திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பிப் பார்த்தாள்.

"இங்கேருங்க. பிள்ளைக்குத் தலை எதுவழியா வரும்?"

வாயைத் தைத்துவிட்டிருந்தேன். கழுத்து, தோள் எல்லாம் சேர்த்து ஒரு இடைவெளி விடாமல், கிடங்கில் தைக்கிறது போலவே. கை தானாகப் போயிருக்கிறது. கோமு விழுந்து விழுந்து சிரித்தாள். "தாத்தா, தம்பிக்குள்ள அரிசியா போடப் போறீங்க?" என்றாள்.

கழுத்தை மட்டும் பிரித்துச் சரி செய்தேன். பிரிக்க வெகு சுளுவாக இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நல்ல தையலாயிருக்கவேதான் நன்றாகப் பிரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். கோமுவுக்குச் சீட்டியும் நீலக்கோடும் வைத்து ஒரு கவுன் தைத்தேன். இரண்டிலும் ஓரத்தில் இரண்டு விரற்கடை நூலைத் தொங்க விட்டேன். கிடங்கில் மேஸ்திரி பார்த்திருந்தால் மெச்சியிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலுக்குப் பின்னால் இருக்கிற அம்மன் கோயிலில் எல்லாரும் கூடினோம். ஆசாரி வந்து தங்கக் கம்பியைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பூலோகம் புதுச்சட்டையும் கடிகாரமுமாக நின்றான். கக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம் வைத்திருந்தான். கரீம் பாட்சா பைஜாமாக்களை மகளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். காலர் மடிப்பில் ஊசி குத்தியபடியே இருந்தது. தையற்காரர்களுக்கு அது மறந்துபோகும்.

"ஒன்பது இருபதிலிருந்து ஒன்பதே முக்கால் வரைக்கும் நேரம்," என்றான் பூலோகம், கடிகாரத்தைக் காட்டி.

தட்டில் வைத்துத் துணியைக் கொடுத்தோம். செண்பகவல்லி பிள்ளைகளுக்குப் போட்டுக் கூட்டி வந்தாள். குத்தாலம் நடந்து வந்தபோது சனம் விலகி நின்று பார்த்தது.

"இது எந்த ரெஜிமெண்டு?" என்றான் பூலோகம்.

"ஆஸ்பத்திரியில இருந்து தப்பிச்சு வந்த கிளி மாதிரி இருக்கு," என்றது ஒரு பொம்பளைக் குரல்.

"மஞ்சப் பொட்டு எத்தனை வே இருக்கு? அம்மை இறங்குன மாதிரில்லா இருக்கு!" என்றது இன்னொரு குரல்.

கரீம் பாட்சா மட்டும் கிட்டே வந்து தோளைத் தடவிப் பார்த்து, "கை நல்லாத்தான் வச்சிருக்கீரு ஓய்," என்றார். எனக்கு அது போதும்.

முப்பிடாதியம்மாள் வந்தாள். புருசன் போனபின் தோல் கிடங்கில் வேலை பார்த்து ஒற்றையாய் மகனை ஆளாக்கினவள். நல்ல காரியங்களில் முன்னால் வந்து நிற்க மாட்டாள். ஓரமாய் நின்று எல்லாரையும் ஆட்டி வைப்பாள். அன்றைக்குப் பேரனை ஒருதரம் கிட்டப் பார்க்கலாம் என்று நாலு எட்டு முன்னால் வந்தாள். குனிந்து சட்டையின் துணியைத் தொட்டாள், மோந்தாள், மஞ்சளைப் பார்த்தாள்.

"துண்டுத்துணிதான். ஆனா தண்ணி காணாத துணி," என்றாள். "கோடிதான்."

எனக்கு மார்பு விரிந்தது. மடி என்னுடையது. வேட்டியைச் சரி செய்துகொண்டு சம்மணம் போடப் போனேன்.

"நூலு பிசிறடிச்சுத் தொங்குதே. அதையும் வெட்டப்படாதா?" என்று சொல்லிக்கொண்டே அவள் அந்த நூலைப் பிடித்து இழுத்தாள்.

சர்ர்ர்.

இடது விலா, கக்கம், கை, தோள், அதே ஓட்டத்தில் வலது பக்கமும். ஒரு நூலில் எல்லாம் போனது. காக்கி ஒரு பக்கம் விழுந்தது, நீலக்கோடு ஒரு பக்கம் விழுந்தது. கிளிப்பச்சைக் கை ஒன்று மட்டும் பையன் மணிக்கட்டில் தொங்கியது. மற்றபடி அவன் அரைஞாணோடு நின்றான். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கைதட்டினான். கோமு தன் கவுனின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பெரிய சங்கடமாகப் போயிற்று.

"நல்ல நேரத்துல கோடித்துணி இப்பிடி ஆயிருச்சே," என்றாள் ஒருத்தி.

"இதுக்குத்தான் சில பேரு முன்னால வரப்படாதுன்னு சொல்லுதது," என்றாள் இன்னொருத்தி. மெதுவாகச் சொன்ன மாதிரிதான் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது.

முப்பிடாதியம்மாளுக்கும் கேட்டது. நூல் அவள் கையிலேயே இருந்தது. நாலு எட்டு முன்னால் வந்தவள் நாலு எட்டும் பின்னால் போனாள். எங்கள் வாசலில் நின்று என்னை மிரட்டிவிட்டுப் போன பொம்பளை, ஒரே நிமிஷத்தில் இத்தனூண்டாகிப் போனாள்.

உலகம்மாள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதீர்கள் என்று அவள் கண் சொன்னது. கணக்கு எனக்கும் புரிந்தது. நான் பேசாமல் இருந்தால் போதும். சம்பந்தியம்மாள் இனி ஆயுசுக்கும் என்னை எதிர்த்து வாய் திறக்க மாட்டாள். இந்த மடி மட்டுமில்லை, இனி பிறக்கிற பிள்ளைகள் அத்தனைக்கும் மடி என்னுடையதே.

"மதினி," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "உங்க கைமேல குத்தமில்ல. அது மூட்டைத் தையல். நூலை இழுத்தாப் பிரியணும்னுதான் தைக்கது. நான் பழக்கத்துல அப்படித் தைச்சுப்புட்டேன். யாரு இழுத்தாலும் பிரிஞ்சிருக்கும். ஆசாரி இழுத்திருந்தாலும் பிரிஞ்சிருக்கும். துணி கிழியல. பாருங்க, ஒரு இழை போகல."

கரீம் பாட்சா தலையில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லா! பேரனுக்கு மூட்டைத் தையலா போட்டீரு?"

அப்புறம்தான் சிரித்தார்கள். அம்மன் கோயில் தகரக் கூரை அதிர்ந்தது. என் வயதுக்கும் தலை நரைக்கும் அது தாங்க முடியாத சிரிப்புதான். ஆனால் அந்த இரண்டு பொம்பளைகளும் சிரித்தார்கள். முப்பிடாதியம்மாளைப் பற்றிய பேச்சு அந்தச் சிரிப்போடு போயிற்று. அவள் மட்டும் சிரிக்கவில்லை. நூலைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

பூலோகம் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே ரோஜா நிறத்தில் ஒரு கடைச் சட்டை.

"இப்பிடி ஏதாவது ஆவும்னு எனக்குத் தெரியும். நான் ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். ஏல குத்தாலம், வா. மாமா மடிக்கு வா. மணி ஒன்பது இருபத்தெட்டு."

"இருங்க," என்றேன். "இன்னும் பதினேழு நிமிஷம் கிடக்கு. துணி கிழியலைன்னா கோடி கோடிதான். மதினியே சொல்லியாச்சு. நான் தைச்சுருதேன். பாட்சா, அந்தக் காலர் ஊசியக் குடும்."

கரீம் பாட்சா ஊசியை நூலோடு கொடுத்தார். "இந்தத் தடவையாவது முடிச்சுப் போடும் ஓய். கையோட காலோட முடிச்சுப் போடும்," என்றார்.

தரையில் சம்மணம் போட்டுப் பையனைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துக்கொண்டேன். துண்டுகளை அவன்மேல் வைத்துத் தைக்க ஆரம்பித்தேன். மூட்டை தைக்கிறவனுக்கு வேகம் சொல்லித் தர வேண்டாம். நாங்கள் மணிக்கு நாற்பது வாய் தைப்போம். தோள் ஏறிற்று, கை ஏறிற்று. ஒவ்வொரு நாலு தையலுக்கும் ஒரு முடிச்சு. ஊசி போகிற பக்கமெல்லாம் குத்தாலம் கண் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

"ஒன்பது நாப்பது," என்றான் பூலோகம். "நாப்பத்தொண்ணு. நாப்பத்தி…"

"உங்க கடியாரத்தக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க," என்றார் ஆசாரி. அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து குந்தினார். "பிள்ளை அசையாம இருக்கு. இத விட்டா வேற நேரம் கிடைக்காது. இருந்த இடத்துலயே குத்திருதேன்."

"அது எப்படி? இன்னும் மடி முடிவாகலையே," என்றான் பூலோகம்.

"பிள்ளை இருக்கது எதுல?"

எல்லாரும் பார்த்தார்கள். நானும் அப்போதுதான் குனிந்து பார்த்தேன். குத்தாலம் என் மடியில் இருந்தான்.

பூலோகம் அக்காளைத் திரும்பிப் பார்த்தான். முப்பிடாதியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "குத்துங்க ஆசாரி," என்றாள்.

ஆசாரி குத்தினார். நான் கடைசித் தையலை இழுத்து முடிச்சுப் போட்டேன். இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் குத்தாலத்துக்கு வலி தெரிந்து தாராவி முழுக்கக் கேட்க அழுதான். பூலோகம் நல்ல மனசோடுதான் ஓடி வந்தான். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. "அழாத ராசா, முறுக்குத் தாரேன்," என்று பையனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான்.

பையனோடு என் வேட்டியும் எழுந்தது.

"ஏய்! ஏய்! கீழ விடும்!" என்று நான் கத்தினேன். உலகம்மாள் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"முடிச்சுப் போடச் சொன்னேன் ஓய்!" என்றார் கரீம் பாட்சா. "வேட்டியையும் சேத்தா போடச் சொன்னேன்?"

சட்டையின் கீழோரம் முழுக்க என் வேட்டியோடு சேர்ந்து தைத்திருந்தது. எட்டு முடிச்சு. கரீம் பாட்சா எட்டையும் எண்ணிப் பார்த்து, இவ்வளவு கெட்டித் தையல் தன் ஆயுசில் கண்டதில்லை என்றார். கடைக்குப் போய்க் கத்திரி எடுத்து வருவதாகக் கிளம்பினார்.

"வேண்டாம் பாட்சா அண்ணே," என்றாள் முப்பிடாதியம்மாள். "பந்தி முடியட்டும். நல்லது நடந்த கையோட பிள்ளை துணியில கத்திரி படவேண்டாம்." அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். செண்பகவல்லி எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை சிரிக்காங்கப்பா," என்றாள்.

மற்றவர்கள் பந்திக்கு எழுந்து போனார்கள். நான் போக முடியாது. முப்பிடாதியம்மாள் இலையைக் கொண்டுவந்து நான் இருந்த இடத்திலேயே போட்டாள். தானே பரிமாறினாள். சாம்பார் ஊற்றும்போது, "பிள்ளை மேல சிந்திராம சாப்பிடுங்க சம்பந்தி. இன்னொரு துணிக்கு நீங்க எந்தக் கடைக்குப் போவீங்க?" என்றாள். அதிகாரம் பழையபடி வந்துவிட்டிருந்தது. எனக்கும் அது நிம்மதியாக இருந்தது.

குத்தாலம் அழுது ஓய்ந்து, அப்பளத்தைக் கையில் பிடித்தபடி என் மடியில் தூங்கிப் போனான். பூலோகம் ஒரு முறுக்குப் பொட்டலத்தோடு வந்து கொஞ்ச நேரம் நின்றான்.

"காலு மரத்துருக்குமே. எம்புட்டு நேரம் இப்படியே இருப்பீங்க?" என்றான்.

கால் மரத்துத்தான் போயிருந்தது. இடுப்பு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. "இன்னும் பாயாசம் வரலை," என்றேன்.